சோகப் பாட்டுக் கச்சேரி வைத்தால் தற்கொலை குறையுமா?

"டென்னசியில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். தற்கொலைத் தடுப்புக்கும் மனநலத்துக்கும் நிதி திரட்ட அடுத்த மாதம் இங்கே ஒரு கண்ட்ரி இசை, அதாவது அமெரிக்கக் கிராமிய இசைக் கச்சேரி நடக்கிறது. டிக்கெட் 40 டாலர். அலுவலகத்தில் எல்லோரும் வாங்குகிறார்கள். கச்சேரி வைத்தால் தற்கொலை குறையுமா? அதுவும் அழுகைப் பாட்டுக்கே பேர்போன இந்த இசையை வைத்து? சும்மா மனசாட்சியைச் சமாதானப்படுத்திக்கொள்ளும் வேலைதானே இது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

டிக்கெட் வாங்கலாமா வேண்டாமா என்பது போலத் தெரிந்தாலும், உங்கள் கேள்விக்குள் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஏற்கெனவே நொந்துபோயிருக்கும் ஒருவரை இந்தப் பாட்டும் பேச்சும் இன்னும் கீழே தள்ளிவிடுமோ என்ற பயம் ஒன்று. அந்த 40 டாலர் எங்கே போகிறது என்ற சந்தேகம் இன்னொன்று. இரண்டுமே நியாயமானவை. நான் மனநலத் துறையில் சமூகப் பணியாளர். சென்னையில் படித்தேன், பல வருடங்களாக அமெரிக்காவின் மத்திய மேற்கில் கிராமப்புறங்களில் வேலை செய்கிறேன். இதுமாதிரி கச்சேரிகளில் அரங்க வாசலில் மேசை போட்டு உட்காருவதும் என் வேலையில் சேர்த்தி. இசையைப் பற்றிச் சாதாரண ரசிகருக்குத் தெரிந்த அளவுதான் தெரியும், வரிக் கணக்கு என் துறை இல்லை. மற்றதைச் சொல்கிறேன்.

முதலில் இசையின் மேல் விழுந்த பழி. அது எங்கே தொடங்கியது என்று தேதியோடு சொல்லலாம். 1992இல் ஸ்டீவன் ஸ்டாக், ஜிம் கண்ட்லாக் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் அமெரிக்காவின் 49 பெருநகரப் பகுதிகளை எடுத்துக்கொண்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். எந்த ஊர் வானொலியில் கண்ட்ரி இசை அதிக நேரம் ஒலிக்கிறதோ, அந்த ஊரில் வெள்ளையர்களிடையே தற்கொலை விகிதமும் அதிகம் என்றார்கள். மணமுறிவு, வறுமை, துப்பாக்கி கிடைக்கும் வசதி, தென்மாநிலமா இல்லையா என்பதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தாலும் தொடர்பு நிற்கிறது என்பது அவர்கள் வாதம். பத்திரிகைகளுக்குக் கேட்கவா வேண்டும், தலைப்பு தானாகவே எழுதிக்கொண்டது. இரண்டே வருடத்தில் வேறு ஆய்வாளர்கள் அதே கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டு, எங்களுக்கு அப்படி எதுவும் வரவில்லையே என்றார்கள். கொஞ்ச காலம் ஆய்விதழ்களில் பதிலுக்குப் பதில் நடந்தது. 2004இல் அந்தக் கட்டுரைக்கு இக் நோபல் பரிசும் கிடைத்தது. முதலில் சிரிக்கவைத்து, அப்புறம் யோசிக்கவைக்கும் ஆய்வுகளுக்குக் கொடுக்கும் பரிசு அது. ஒரு ஊரில் இரண்டு எண்கள் சேர்ந்து ஏறினால், ரேடியோ கேட்டவர்தான் இறந்தார் என்று ஆகிவிடாது. ஆகவே கண்ட்ரி இசை ஆளைக் கொல்லும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் தற்கொலையைப் பற்றி எப்படிப் பேசுகிறோம் என்பதில் உயிர் போகவும் செய்யும், நிற்கவும் செய்யும். இது நன்றாக நிறுவப்பட்ட விஷயம். வியன்னாவில் 1980களின் நடுவில் சுரங்க ரயிலில் நடந்த தற்கொலைகளைச் செய்தித்தாள்கள் படமும் விவரமுமாகப் போட்டுத் தள்ளின, எண்ணிக்கை ஏறியது. 1987இல் அங்கிருந்த தற்கொலைத் தடுப்பு அமைப்பு பத்திரிகைகளுக்கு ஒரு வழிகாட்டி கொடுத்தது. முதல் பக்கத்தில் போடாதீர்கள், வழிமுறையை விவரிக்காதீர்கள் என்பது மாதிரி. பத்திரிகைகள் ஒத்துழைத்தன, சில மாதங்களுக்குள் சுரங்க ரயில் தற்கொலைகள் மடமடவென்று குறைந்தன. இது கெடுதலைக் குறைத்த கதை. நல்லதைக் கூட்ட முடியுமா என்று பார்த்தவர்களும் அதே வியன்னாக்காரர்கள்தான். 2010இல் நீடர்குரோட்டன்தாலர் என்பவரும் அவருடைய குழுவினரும் பத்திரிகைச் செய்திகளை அலசினார்கள். தற்கொலை எண்ணம் வந்து, அதைச் செய்யாமல் வேறு வழி கண்டுபிடித்து மீண்டவர்களைப் பற்றிய செய்திகள் வந்த பிறகு தற்கொலை கொஞ்சம் குறைவதாகத் தெரிந்தது.

பாட்டு என்று வரும்போது நம்மிடம் இருக்கிற நல்ல சான்று கண்ட்ரியில் இல்லை, ஹிப்ஹாப்பில் இருக்கிறது. 2017 ஏப்ரலில் லாஜிக் என்ற ராப் பாடகர் ஒரு பாட்டு வெளியிட்டார். அப்போதைய தேசிய உதவி எண்ணையே தலைப்பாக வைத்தார். சாக நினைக்கும் ஒருவன் அந்த எண்ணைக் கூப்பிடுகிறான், எதிர்முனையில் ஒருவர் பேசுகிறார், கடைசியில் அவன் வாழ ஆசைப்படுகிறான். அவ்வளவுதான் பாட்டு. அதே வியன்னா ஆய்வாளர் குழு 2021இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கணக்கு வெளியிட்டது. அந்தப் பாட்டு பரபரப்பாகப் பேசப்பட்ட 34 நாட்களில் உதவி எண்ணுக்கு எதிர்பார்த்ததைவிடச் சுமார் 9,900 அழைப்புகள் கூடுதலாக வந்தன, 6.9 சதவீதம் ஏற்றம். அதே நாட்களில் தற்கொலைகள் எதிர்பார்த்ததைவிட 245 குறைவு, 5.5 சதவீதம் இறக்கம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதை அப்படியே உங்கள் ஊர்க் கச்சேரிக்குப் பொருத்தக் கூடாது. அது கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டு, விருது விழா மேடைகளில் நாடே பார்த்தது. அழைப்பு கூடியது பாட்டால்தான் என்று நம்ப நல்ல காரணம் இருக்கிறது. சாவு குறைந்ததும் அதனால்தானா என்பதில் எனக்கு அவ்வளவு உறுதி வரவில்லை. ஒரே ஒரு நாள், 300 பேர் உட்கார்ந்து கேட்கும் உள்ளூர் கச்சேரி தற்கொலை எண்ணிக்கையைக் குறைத்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவ்வளவு சிறிய இடத்தில் அதை அளக்கவே முடியாது. ஒரு சிற்றூரில் ஒரு வருடம் இரண்டு பேர், அடுத்த வருடம் நான்கு பேர் என்று எண்ணிக்கை தானாகவே ஏறி இறங்கும்.

அப்படியிருந்தும் நான் ஏன் இந்தக் கச்சேரிகளுக்குப் போகிறேன் என்றால், அங்கே வந்து உட்காரும் ஆட்களுக்காக. அமெரிக்காவில் 2022இல் 49,000க்கும் அதிகமானோர் தற்கொலையால் இறந்தார்கள். ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் ஆண்கள். பாதிக்கு மேல் துப்பாக்கியால். நகரத்தைவிடக் கிராமப்புறத்தில் விகிதம் அதிகம், வித்தியாசம் கூடிக்கொண்டும் போகிறது. 2000க்கும் 2020க்கும் இடையில் பெருநகரப் பகுதிகளில் விகிதம் சுமார் 27 சதவீதம் ஏறியபோது, வெளியே 46 சதவீதம் ஏறியது. இந்த எண்களை ஒரு முகமாக மாற்றிப் பாருங்கள். ஐம்பது வயது தாண்டிய, தொப்பி போட்ட, தன் கஷ்டத்தை வெளியே சொல்லிப் பழக்கமில்லாத ஒரு ஆண். மனநலம் பற்றி நூலகத்தில் கூட்டம் போட்டால் அவர் வரமாட்டார். ஆலோசகர் அலுவலகத்துக்கு அறவே வரமாட்டார், ஏனென்றால் அந்த அலுவலக வாசலில் அவருடைய பிக்கப் வண்டி நின்றால் மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். ஆனால் கண்ட்ரி கச்சேரிக்கு வருவார், மனைவியையும் கூட்டிக்கொண்டு வருவார். அவரை நான் வேறு எங்கே போய்ப் பிடிப்பது?

எங்கள் மேசையில் துண்டுப் பிரசுரங்கள் இருக்கும், உதவி எண் அச்சிட்ட அட்டைகள் இருக்கும், ஒரு பெட்டி நிறைய துப்பாக்கிப் பூட்டுகள் இருக்கும். சைக்கிள் பூட்டு மாதிரி பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி, அதன் முனையில் ஒரு சின்னப் பூட்டு. இலவசம். பிரசுரத்தை ஆண்கள் தொடமாட்டார்கள். பூட்டைத் தொடுவார்கள். இடைவேளையில் ஒருவர் வந்து, என் முகத்தைப் பார்க்காமல், கம்பியைக் கையில் வளைத்துப் பார்த்துவிட்டு, "இது வேட்டைத் துப்பாக்கிக்குப் பொருந்துமா?" என்று கேட்பார். பொருந்தும் என்பேன். "பேரன் வீட்டுக்கு வருவான், அதுக்காகத்தான்" என்பார். சரி என்பேன், இரண்டாக எடுத்துக்கொள்ளச் சொல்வேன். சிலர் அத்தோடு போய்விடுவார்கள். சிலர் போகாமல் நிற்பார்கள். கொஞ்ச நேரம் மழை, விலைவாசி என்று பேசிவிட்டு, பேரனைப் பற்றிய பேச்சு மெதுவாகத் தம்பியைப் பற்றிய பேச்சாக மாறும், சில நேரம் தன்னைப் பற்றியே மாறும். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் நான் மேசை போடுகிறேன், மேடையில் யார் பாடுகிறார்கள் என்பது எனக்கு இரண்டாம்பட்சம்.

பூட்டு ஏன் முக்கியம் என்று கேட்பீர்கள். சாக வேண்டும் என்ற உந்துதல் பலருக்கு அலை மாதிரி வந்து இறங்கிவிடுகிறது. ஹூஸ்டனில் உயிருக்கே ஆபத்தான முயற்சியிலிருந்து பிழைத்த இளைஞர்களிடம் விசாரித்தபோது, கால்வாசிப் பேர் முடிவெடுத்ததற்கும் செயல்பட்டதற்கும் இடையே ஐந்து நிமிடம்கூட இல்லை என்றார்கள். 2001இல் வெளியான ஆய்வு அது. அந்தக் கொஞ்ச நேரத்தைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறார்கள். ஒருமுறை முயன்று பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பின்னால் தற்கொலையால் இறப்பதில்லை. ஆபத்தான பொருளை எட்டாத இடத்தில் வைப்பதுதான் இந்தத் துறையில் எங்களுக்குத் தெரிந்த மிக உறுதியான வழி. இலங்கையில் நடந்ததும் இதுதான். 1995 வாக்கில் உலகிலேயே மிக உயர்ந்த தற்கொலை விகிதங்களில் ஒன்று அங்கே இருந்தது. கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்யச் செய்ய, விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. உங்கள் ஊர்க் கச்சேரி ஆயிரம் பூட்டுகள் வாங்கிக் கொடுத்தால், அன்றைக்குப் பாடிய எல்லாப் பாட்டையும்விட அது பெரிய காரியம்.

சரி, மேடைக்கு வருவோம். கெட்டுப்போவது பெரும்பாலும் அங்கேதான், பாட்டைவிடப் பாட்டுகளுக்கு நடுவில் வரும் பேச்சில். தொகுப்பாளர் நல்லவராக இருப்பார், உள்ளூர் ரேடியோக்காரராக இருப்பார், யாரும் அவருக்கு எதுவும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். இறந்துபோன இளைஞனின் படத்தைத் திரையில் பெரிதாகப் போட்டு, "இனி அவனுக்கு வலி இல்லை, மேலே கிதார் வாசித்துக்கொண்டிருக்கிறான்" என்று குரல் தழுதழுக்கச் சொல்வார். குடும்பத்துக்கு அது ஆறுதல்தான், நான் மறுக்கவில்லை. சொர்க்கமும் அங்கே காத்திருக்கும் உறவுகளும் கண்ட்ரி பாட்டின் ரத்தத்தில் ஊறியவை. ஆனால் அதே அரங்கில் பின் வரிசையில் ஒருவர் இன்று இரவைத் தாண்டுவதா என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், செத்தால் வலி போகும், படம் போடுவார்கள், ஊரே எழுந்து நிற்கும் என்பதுதான் அவர் காதில் விழும். எந்த இடத்தில், எப்படி இறந்தார் என்ற விவரத்தையும் சிலர் மேடையில் கொட்டிவிடுகிறார்கள். இது எங்கள் துறையில் கருத்து வேறுபாடே இல்லாத விஷயம்: வழிமுறையைச் சொல்லக் கூடாது, சாவை விடுதலையாகக் காட்டக் கூடாது, பேச்சை உதவி கிடைக்கும் இடத்தில் கொண்டுபோய் முடிக்க வேண்டும்.

இன்னொரு தொல்லை, அதிரவைக்கும் எண்கள். எல்லாத் தொழிலையும்விட விவசாயிகளிடம்தான் தற்கொலை அதிகம் என்று பதாகையில் எழுதிவைப்பார்கள். இது 2016இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிக்கையிலிருந்து பரவியது. தொழில்களை வகைப்படுத்தியதில் பிழை என்று தெரிந்து, 2018இல் அந்த மையமே அறிக்கையைத் திரும்பப் பெற்றது. உழைக்கும் ஆண்களின் சராசரியைவிட விவசாயிகளிடம் விகிதம் அதிகம் என்பது உண்மை, எல்லாரையும்விட அதிகம் என்பது இல்லை. அப்புறம் பீர். மதுபான விற்பனைதான் பல கச்சேரிகளின் வருமானமே. மது மனச்சோர்வைக் கூட்டும், நிதானத்தைக் குறைக்கும், தற்கொலையில் அதன் பங்கு நன்றாகத் தெரிந்தது. தற்கொலைத் தடுப்புப் பதாகைக்குப் பக்கத்திலேயே பீர் நிறுவனத்தின் பதாகையைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல் வரும். அமைப்பாளர்களிடம் சொன்னால், பீர் இல்லாவிட்டால் யாரும் வரமாட்டார்கள் என்பார்கள். அதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை.

நன்றாக நடக்கிற நிகழ்ச்சி எப்படி இருக்கும் என்றும் சொல்ல வேண்டும். நாஷ்வில்லில் 1982இல் தொடங்கிய புளூபேர்ட் கஃபே என்ற இடம் உண்டு, நூறு பேர்கூட உட்கார முடியாது. அங்கே பாட்டு எழுதுபவர்கள் மூன்று நான்கு பேர் நடுவில் வட்டமாக உட்கார்ந்து முறைவைத்துப் பாடுவார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அது எப்படிப் பிறந்தது என்று சொல்வார்கள். இந்த வடிவத்தைப் பல ஊர்களின் நிதிக் கச்சேரிகள் எடுத்துக்கொண்டிருக்கின்றன. இதில்தான் என் அனுபவத்தில் உருப்படியான பேச்சு நடக்கிறது. நரைத்த தாடிக்காரர் ஒருவர் கிதாரைச் சுதி சேர்த்துக்கொண்டே, "அந்த வருஷம் நான் மருத்துவமனையில் இருந்தேன், இப்போதும் மாத்திரை சாப்பிடுகிறேன், என் தங்கை என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் பாட ஆரம்பிப்பார். வியன்னாவில் பத்திரிகைகளை வைத்துக் கண்டது இதுதான்: இருட்டுக்குள் போய் வெளியே வந்தவரின் கதை, எப்படி வந்தார் என்பதோடு.

இந்த இசை உலகமே வாய்திறந்து பேசத் தொடங்கியதில் 2022க்குப் பெரிய பங்கு உண்டு. தி ஜட்ஸ் என்ற தாய்-மகள் இணையில் தாயான நவோமி ஜட் அந்த ஏப்ரல் 30ஆம் தேதி தற்கொலையால் இறந்தார். மறுநாள் அவருக்கும் மகள் வைனோனாவுக்கும் கண்ட்ரி இசைப் புகழ் மண்டபத்தில் இடம் கொடுக்கும் விழா. மகள்கள் இருவரும் அந்த மேடைக்கு வந்தார்கள். தாயை மனநோய்க்குப் பறிகொடுத்தோம் என்று வெளிப்படையாகவே அறிவித்தார்கள். பரிசும் புகழும் பாதுகாப்பு ஆகாது என்று கிராமத்து ரசிகர்களுக்கு நாங்கள் சொல்லிப் புரியவைக்க முடியாததை அந்த ஒரு வாரம் புரியவைத்தது. அதே வருடம் ஜூலை 16இல் 988 என்ற மூன்று இலக்க உதவி எண் நாடு முழுக்க வந்தது, இப்போது எந்த மேடையிலும் சொல்ல எளிதாக இருக்கிறது.

கச்சேரியால் யாருக்கு நன்மை என்று என்னைக் கேட்டால், முதலில் இழந்தவர்களுக்கு என்பேன். ஒரு தற்கொலை சராசரியாக 135 பேரைத் தொடுகிறது என்று கென்டக்கியில் ஜூலி செரெல் குழுவினர் 2018இல் கணக்கிட்டார்கள். அமெரிக்கத் தற்கொலைத் தடுப்பு அறக்கட்டளை நடத்தும் நடைப்பயணங்களில் மணிமாலை கொடுக்கும் வழக்கம் உண்டு. பிள்ளையை இழந்தவருக்கு வெள்ளை, கணவனையோ மனைவியையோ இழந்தவருக்குச் சிவப்பு, தாய் தகப்பனை இழந்தவருக்குத் தங்க நிறம், தானே போராடியவருக்குப் பச்சை. அந்த வழக்கத்தைச் சில கச்சேரிகளிலும் பார்க்கிறேன். பத்து வருடமாக மகன் எப்படி இறந்தான் என்று வாயே திறக்காத ஒரு அம்மா, வெள்ளை மாலையைப் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்பார். முன்னால் நிற்பவர் கழுத்திலும் வெள்ளை. அறிமுகம் தேவைப்படுவதில்லை. இது தற்கொலையைத் தடுக்குமா? இழந்தவர்களுக்கே ஆபத்து அதிகம் என்பது தெரியும், தனிமை அதைக் கூட்டும் என்பதும் தெரியும். அதனால் உதவும் என்றுதான் நினைக்கிறேன், நிரூபித்துக்காட்ட மாட்டேன்.

ஒரு இரவோடு முடியாத கச்சேரிக்கு உதாரணம் வேண்டுமென்றால், விவசாயிகளுக்காக நடக்கும் ஃபார்ம் எய்டைப் பாருங்கள். எத்தியோப்பியப் பஞ்சத்துக்கு நிதி திரட்ட 1985 ஜூலையில் நடந்த லைவ் எய்ட் கச்சேரி மேடையில் பாடகர் பாப் டிலன், இந்தப் பணத்தில் கொஞ்சம் எடுத்து நம்மூர் விவசாயிகளின் அடமானக் கடனுக்கும் கொடுத்தால் என்ன என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொன்னார். இடம் பொருள் பார்க்காத பேச்சு என்று சிலருக்குக் கோபம். வில்லி நெல்சன், நீல் யங், ஜான் மெலன்கேம்ப் என்ற பாடகர்கள் மூன்று பேரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். செப்டம்பர் 22ஆம் தேதி இல்லினாய் மாநிலத்தின் ஷாம்பெயினில் சுமார் 80,000 பேர் முன்னால் கச்சேரி நடந்தது. ஜானி கேஷ், லொரெட்டா லின், மெர்ல் ஹாகர்ட் என்று கண்ட்ரி ஜாம்பவான்கள் பாடினார்கள். அப்போது வட்டி விண்ணை முட்டி, நிலத்தின் விலை சரிந்து, பரம்பரை நிலங்கள் ஏலத்துக்குப் போய்க்கொண்டிருந்தன, விவசாயிகள் உயிரை மாய்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு நாள் வசூல் அந்தக் கடன் கடலில் ஒரு துளிகூட இல்லை. ஆனால் விவசாயிகளுக்கு உதவி எண் வைத்தார்கள். நெல்சனும் மெலன்கேம்ப்பும் விவசாயிகளை நாடாளுமன்றக் குழு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். 1987இல் வேளாண் கடன் சட்டம் வந்தது. விவசாயிகளின் மன அழுத்தத்துக்கான உதவி வலையமைப்புக்கு 2008 வேளாண் சட்டத்திலேயே அனுமதி இருந்தும், ஏறக்குறைய பத்து வருடம் பணம் ஒதுக்கவில்லை. அதற்காகக் குரல் கொடுத்தவர்களில் ஃபார்ம் எய்டும் ஒன்று. 2025 செப்டம்பரில் மினியாபொலிஸில் 40ஆம் ஆண்டுக் கச்சேரி நடந்தது. கடனில் மூழ்கும் மனிதனுக்கு ஆலோசகர் மட்டும் போதாது, கடனைத் திருத்தி எழுத ஒரு வழக்கறிஞரும் வேண்டும் என்பது அவர்களிடம் நான் கற்றுக்கொண்டது.

இப்போது உங்கள் 40 டாலர். அரங்க வாடகை, ஒலி, காப்பீடு, பாடல் உரிமக் கட்டணம், வெளியூர்க் கலைஞருக்குத் தங்குமிடம் எல்லாம் போகத்தான் மிச்சம். கலைஞர்கள் சும்மா பாடினாலும் செலவு சும்மா வராது. டிக்கெட் பணம் செலவுக்குப் போய்விட்டு, கையெழுத்திட்ட கிதார் ஏலத்திலும் உள்ளூர்க் கடைகளின் நன்கொடையிலும்தான் உண்மையான நிதி சேரும் நிகழ்ச்சிகள் ஏராளம். அது மோசடி ஆகாது. எவ்வளவு மிஞ்சியது, எதற்குப் போகிறது என்று கேட்டால் பதில் சொல்கிறார்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும். பெரிய அமைப்பு என்றால் வரித்துறையில் தாக்கல் செய்த படிவம் 990 பொதுவில் கிடைக்கும், யாரும் பார்க்கலாம். ஆண்டு வரவு 50,000 டாலருக்குள் இருக்கும் சின்ன அமைப்புகள் ஒரு மின் அஞ்சலட்டை மட்டுமே தாக்கல் செய்வதால் அதில் விவரம் இருக்காது, நேரில்தான் கேட்க வேண்டும். வரிவிலக்கு என்று யாராவது சொன்னால், கச்சேரியின் மதிப்பு போக மிச்சம்தான் நன்கொடையாகும் என்பது பொது விதி. மேலே உங்கள் கணக்கரிடம் கேளுங்கள்.

"விழிப்புணர்வுக்காக" என்று மட்டும் பதில் வந்தால் நான் கொஞ்சம் தயங்குவேன். விழிப்புணர்வு டி-சர்ட்டில் முடிந்துவிடலாம். பூட்டு வாங்குகிறோம், காப்பீடு இல்லாதவர்களுக்கு முதல் சில ஆலோசனை அமர்வுகளுக்குப் பணம் கட்டுகிறோம், பள்ளி ஆசிரியர்களுக்கும் முடிதிருத்துபவர்களுக்கும் ஆபத்தில் இருப்பவரை அடையாளம் காணப் பயிற்சி கொடுக்கிறோம் என்றால் கேள்வியில்லாமல் டிக்கெட் வாங்குங்கள். தற்கொலை நடந்த வீட்டுக்கு, முன்பு அதே துயரத்தைக் கடந்தவர்களையே அனுப்பும் குழுக்கள் உண்டு. லூசியானாவின் பேட்டன் ரூஜில் 1990களின் பிற்பகுதியில் பிறந்த யோசனை அது. அவர்களுக்குத் தேவைப்படுவது பெட்ரோல் காசும் பயிற்சியும்தான், ஒரு சின்னக் கச்சேரியின் வசூலில் ஒரு வருடம் ஓட்டிவிடுவார்கள். பயிற்சிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை: பயிற்சி எடுத்தவர்களுக்குத் தைரியமும் அறிவும் கூடுகிறது என்பது தெளிவு, அதனால் சாவு குறைகிறது என்பதற்குச் சான்று இன்னும் பலவீனம். மருத்துவமனையில் நோயாளியோடு உட்கார்ந்து, எண்ணம் வந்தால் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது என்று தாளில் எழுதிக்கொடுத்து, பிறகு போனில் தொடர்ந்து விசாரிக்கும் முறைக்குச் சான்று பலமாக இருக்கிறது. 2018இல் வந்த ஆய்வில் அடுத்த ஆறு மாதத்தில் தற்கொலை முயற்சி போன்ற நடத்தைகள் சுமார் 45 சதவீதம் குறைவாக இருந்தன.

ஆகவே போங்கள் என்பதே என் பதில். போகும் முன் அமைப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, அன்று அரங்கில் ஆலோசகர் யாராவது இருப்பாரா, மேடையில் பேசுபவர்களுக்கு என்ன சொல்லலாம், என்ன கூடாது என்று சொல்லியிருக்கிறீர்களா என்று மட்டும் கேளுங்கள். சண்டைக்காரராகத் தெரிவோமோ என்று கூச்சப்பட வேண்டாம், பல இடங்களில் யாரும் கேட்காததால்தான் செய்யாமல் விடுகிறார்கள். நடுவில் தாங்க முடியவில்லை என்றால் எழுந்து வெளியே வாருங்கள், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். பக்கத்தில் ஒருவர் உடைந்து அழுதால், "சாகணும்னு எண்ணம் வருதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது, இதைப் பல ஆய்வுகள் பார்த்துவிட்டன. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், மேசையில் இருப்பவரிடம் கூட்டிக்கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் அவரோடு இருந்துகொண்டே 988ஐக் கூப்பிடுங்கள். நீங்களேகூட அந்த எண்ணில் பேசலாம், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டால் ஏற்பாடு செய்வார்கள். இதை வேறு இடத்திலிருந்து படிப்பவர்களுக்கு: இந்தியாவில் டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டில் 104. சென்னையில் 1986 முதல் நடக்கும் சிநேகா அமைப்பின் எண் 044-24640050. இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926.